இருங்க சார், இன்னும் முடிக்கல

வேலைக்கும் போய்க்கொண்டு, செல்போனைப் பார்த்துப் படித்து, அந்த எம்.ஏ.வை எப்படி முடித்தாய் என்று என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். நானும் ஆளுக்குத் தகுந்தபடி ஏதாவது சொல்லி வைப்பேன். ஆர்வம் என்பேன். விடாமுயற்சி என்பேன். கேட்பவர்களுக்கும் அது போதும். உண்மையான பதில் ஒரு மனுஷி. ஓட்டப்பிடாரத்துக்கும் புதியம்புத்தூருக்கும் நடுவே ஒரு கிராமத்தில் இருந்தாள். நாற்பதை நெருங்கும் வயது. புதியம்புத்தூர் ரெடிமேட் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே குழந்தைகள் சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் அவளை அக்கா என்றேன், அவள் என்னை ஏட்டி என்றாள். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், ‘என்னயக் கேக்காம எதுக்குட்டி எழுதுன?’ என்று கோயம்புத்தூருக்கே பஸ் ஏறி வந்துவிடுவாள். வந்தால், கேட்க வந்ததை முழுசாகக் கேட்டு முடிக்காமல் திரும்பவும் மாட்டாள்.

எனக்கு முதலில் அறிமுகமானது அவள் வீட்டுக் காற்று. எங்கள் வகுப்பு சனி ஞாயிறுகளில் செல்போனில் நடக்கும். படிப்பு, பொது நிர்வாகம். நான் அப்போது கோவில்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். காதில் வகுப்பு ஓடிக்கொண்டிருக்கும், கையில் ஊசி இருக்கும். கேமராவை அணைத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. எல்லாரும் அப்படித்தான், திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்களாக இருப்போம். அதில் ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் வெளிச்சம். ஒரு தையல் மிஷின், காரை பெயர்ந்த சுவர், நம்மையே நேராகப் பார்க்கிற ஒரு முகம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவளுடைய செல்போனின் மாடல் எண் இருந்தது. கடைசிவரை அதை மாற்றவில்லை. ‘அதான் மொகம் தெரியுதுல்லா, பேரு எதுக்கு?’ என்பாள். வீட்டைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்கிற ஊர். அவள் மைக்கைத் திறந்தால் எங்கள் எல்லார் காதிலும் காற்று வந்து அடிக்கும். சென்னையிலிருந்து பாடம் எடுத்த சார், ‘அந்தக் காத்து சத்தம் வர்ற அம்மா, கொஞ்சம் மியூட் பண்ணுங்க’ என்பார். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத்தான் அவள் மியூட் பண்ணுவாள். அதுவரை அவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அவளுடைய குணம் என்று நான் சொல்லக்கூடியது இந்த ஒன்றைத்தான். ஆரம்பித்த பேச்சை முடிக்காமல் விடமாட்டாள். முடிக்க விடாதவர்களை மன்னிக்கவும் மாட்டாள்.

ஒருமுறை மதுரையில் நேர்முக வகுப்பு என்று எல்லாரையும் வரச் சொன்னார்கள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போனோம். முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். சார் கேள்வி கேட்டதும் எழுந்து, ‘சார், எங்க ஊர்ல ஒரு ஓடை உண்டு’ என்று ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்த ஒருவர், ‘அதாவது மேடம் என்ன சொல்ல வர்றாங்கன்னா’ என்று எழுந்து, அவள் சொல்ல வராத ஒன்றைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சாரும் தலையாட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். சாப்பாட்டு நேரத்தில் அக்கா அந்த மனிதரைத் தேடிப் பிடித்து, கையில் இலையோடு நின்றவரிடம், ஓடையில் ஆரம்பித்து முழுசாகச் சொல்லி முடித்தாள். பாவம், சாம்பார் ஊற்றிக்கொள்ளப் போகக்கூட அவரால் முடியவில்லை.

திரும்பும்போதும் ஒரு கூத்து. டிக்கெட் கொடுத்த கண்டக்டரிடம், எங்கே இறங்கி எந்த பஸ் மாற வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் பாதியிலேயே முன்னால் நகர்ந்துவிட்டார். அக்கா எழுந்து, நிற்கிற ஆட்களை விலக்கிக்கொண்டு, அவர் பின்னாலேயே முன்படிக்கட்டுவரை போய்க் கேட்டு முடித்துவிட்டு வந்தாள். உட்கார்ந்ததும் பெருமூச்சு விட்டாள்.

‘நேர்ல படிக்கதுல ஒரு கொறைட்டி. மியூட் பட்டன் இல்ல.’

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அதற்கு முன்பே வகுப்பில் எல்லார் முன்னாலும் அவள் அதைச் சொல்லியிருந்தாள்.

இரண்டாவது பருவத்தில் ஆட்கள் கழன்றுகொண்டே இருந்தார்கள். பல பக்கம் தள்ளிப் பார்க்க வேண்டியிருந்த வகுப்பு ஒரே பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. சாருக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். ஒருநாள் பாடத்தை நிறுத்திவிட்டு, ‘போனவங்க போகட்டும். மிச்சம் இருக்கற நீங்க ஏன் இன்னும் தொடர்ந்து வர்றீங்க? சாட்டில் போடுங்க’ என்றார். மளமளவென்று வந்து விழுந்தன. ‘அறிவை வளர்த்துக்கொள்ள’ என்று ஒருவர். அவர் வகுப்பை ஓட விட்டுவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போகிறவர். நான் ‘பணி உயர்வு’ என்று போட்டேன். என் லேபில் இருந்ததே ஓனரும் நானும்தான். எனக்கு உயர்வு வேண்டும் என்றால் அவர் போய்ச் சேர்ந்தால்தான் உண்டு. இப்படி எல்லாரும் பொய்யை டைப் அடித்துக்கொண்டிருந்தபோது காற்று வந்து காதில் அடித்தது. அக்கா மைக்கைத் திறந்துவிட்டாள்.

‘சார், நான் வாயாலயே சொல்லுதேன். வீட்ல நான் ஒரு பேச்ச ஆரம்பிச்சா அவிய பாதியில எந்திரிச்சுப் போயிருவாவ. தையல் கம்பெனியில வாயத் தொறந்தா, சட்ட எத்தன முடிஞ்சுன்னு கேப்பாவ. ஒரு ஆபீசுக்கு மனு கொண்டு போனா, மொத வார்த்தையிலயே அடுத்த ஆளக் கூப்புட்டுருதாவ. இங்கன மட்டுந்தான் சார், நான் பேசுதப்போ எல்லாரும் மியூட்ல இருக்காவ.’

திரை முழுக்கச் சிரிக்கிற பொம்மைகள் பறந்தன. சாரும் சிரித்துவிட்டார். ‘ரொம்ப நல்லதும்மா. சரி, அடுத்து...’

‘இருங்க சார், இன்னும் முடிக்கல.’

சார் நின்றார்.

‘பேச விடுதாவன்னு மட்டும் வரல. பேசுனா பேச்சுல ஏதாச்சும் இருக்கணும்லா. அதுக்குத்தான் படிக்கேன்.’

அதன்பிறகு பொம்மைகள் எதுவும் பறக்கவில்லை. ஊசி குத்த வந்து உட்கார்ந்திருந்த பெரியவரைக் காத்திருக்க வைத்துவிட்டு, ‘அக்கா, நீங்க எந்த ஊரு?’ என்று அவளுக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன். எங்கள் பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது.

அவள் சொன்ன ஓடை நிஜமான ஓடை. காற்றாலையின் பெரிய இறக்கைகளை ஏற்றிவந்த லாரிகளுக்காக யாரோ அதை மண்ணடித்து மேவி வழி போட்டுவிட்டார்கள். மழை பெய்தால் தண்ணீர் போக வழி இல்லாமல் அவள் புஞ்சையில் நின்றது. அதைச் சொல்லத்தான் ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கினாள். ஒரு இடத்திலும் முழுசாகச் சொல்ல முடியவில்லை. ‘எந்தச் சட்டத்த வச்சுட்டி இவிய நம்ம வாய அடைக்காவ? அதப் படிச்சுரணும்’ என்று கிளம்பியவள், பொது நிர்வாகத்தில் வந்து சேர்ந்தாள். படிப்புக்கு ஊக்கம், தூண்டுதல் என்று பெரிய பெரிய வார்த்தைகள் சொல்கிறார்கள். அவளுக்கு இருந்தது வீம்பு. அந்த வீம்பில் ஒரு பங்கு எனக்கும் ஒட்டிக்கொண்டது. அவள் இருக்கும்போது வகுப்பைவிட்டு நான் கழன்றுகொள்ள முடியுமா? வீட்டுக்கே வந்து ஏன் என்று கேட்பாள். நான் பதில் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பாள்.

அவள் மற்றவர்களின் பேச்சையும் வெட்ட மாட்டாள். இதையும் சொல்லியாக வேண்டும். பதிவு செய்த பாடங்களை நாங்கள் எல்லாரும் இரட்டை வேகத்தில் ஓட விடுவோம். வருகை பதிவானால் போதும் எங்களுக்கு. அவளிடம் ஒருநாள் அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தேன்.

‘அவிய அம்புட்டு அவசரமாவாட்டி பேசுனாவ? ஒருத்தர் பேச்ச நம்ம இஷ்டத்துக்கு வெரட்டக் கூடாது’ என்றாள்.

பாடம் ஓடும்போது மிஷினை மிதிக்க மாட்டாள். பட்டன் தைப்பது, நூல் பிசிர் வெட்டுவது என்று சத்தம் வராத வேலைகளை அந்த நேரத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருப்பாள். பட்டன் இல்லாத சட்டைகள் வந்துவிட்டால் அந்த வாரம் முழுக்கக் கம்பெனிக்காரர்களுக்குத் திட்டு விழும்.

அவள் வீட்டுக்காரரை நான் அண்ணாச்சி என்பேன். மோசமான மனிதர் இல்லை. மழையை நம்பி உளுந்தும் பருத்தியும் போடுகிறவர். நாலு வார்த்தைக்கு மேல் உட்கார்ந்து கேட்கிற பொறுமை மட்டும் கிடையாது. ‘பட்டத்த வாங்கிக் காத்தாடி உச்சியில கெட்டப் போறாளாம்’ என்று என்னிடமே கேலி செய்வார். காற்றாலையை அங்கே காத்தாடி என்றுதான் சொல்வார்கள். ‘ஆமா, கூட ஒங்களயும் சேத்துக் கெட்டணும்’ என்று உள்ளேயிருந்து குரல் வரும். அதற்குள் அவர் வாசலைத் தாண்டியிருப்பார்.

இப்படிப்பட்டவளின் கடைசிப் பரீட்சையைத்தான் பாதியில் வெட்டினார்கள்.

பரீட்சையும் செல்போன் வழியாகத்தான். தாளில் எழுதி, ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் அப்போதே படம் எடுத்து ஏற்ற வேண்டும். எழுதி முடிக்கும்வரை கேமரா நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, பேச்சுச் சத்தம் கேட்கக் கூடாது. இதையெல்லாம் கண்காணிப்பது ஆள் அல்ல, ஒரு மென்பொருள். முந்தைய பரீட்சைகள் எல்லாம் காலையில் நடந்தன, ஒரு பிரச்சினையும் இல்லை. இந்த ஒன்றை மத்தியானம் ஆரம்பித்துச் சாயங்காலம் முடிகிற மாதிரி வைத்தார்கள். ஆடி மாதம், காற்று உச்சத்தில் இருக்கிற நேரம். அண்ணாச்சியைப் புஞ்சைக்கு விரட்டிவிட்டு, மேற்கே பார்த்த வாசலுக்கு நேராக உட்கார்ந்து எழுதினாள். அந்த வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். கடைசிக் கேள்வி: இயற்கை நீதிக் கோட்பாடுகளை விளக்குக. ஒருவருக்கு எதிராக ஒரு முடிவு எடுப்பதற்கு முன்னால் என்னென்ன நியாயங்களைப் பார்க்க வேண்டும் என்கிற பாடம் அது. கோட்பாடுகள் மூன்று. இரண்டை எழுதிவிட்டு மூன்றாவதை ஆரம்பிக்கும்போது திரை சிவப்பாகி அணைந்துவிட்டது.

மறுநாள் மின்னஞ்சல் வந்தது. தேர்வறையில் மற்றொரு நபரின் நடமாட்டம் திரும்பத் திரும்பப் பதிவாகியுள்ளதால் தேர்வு ரத்து செய்யப்படுகிறது. அவ்வளவுதான்.

‘ஏட்டி, எங்க வீட்ல யாரு நடந்தா?’ என்று என்னிடம் போனில் கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

‘ஆடு கீடு வந்திருக்குமோ?’

‘ஆடு வந்தா ஆடுன்னு போட மாட்டாவளா? நபருன்னுல்லா போட்டிருக்கு.’

சில நாளில் தேர்வுப் பிரிவிலிருந்து ஒரு அதிகாரி அவளைக் கூப்பிட்டார். குடும்பத்தில் ஒருவர் தெரியாமல் உள்ளே வந்துவிட்டார், மன்னிக்கவும் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அடுத்த தடவை எழுதிக்கொள்ளலாம். எழுதித் தராவிட்டால் முறைகேடு என்று முடிவாகும். பட்டம் கிடையாது, படித்ததெல்லாம் போனதுதான். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எல்லாரும் எழுதிக் கொடு என்றார்கள். நானும் சொன்னேன். அண்ணாச்சி ஒருபடி மேலே போனார்.

‘ஏளா, நாந்தான் வந்தேன்னு எழுதிப் போட்டுரு. எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?’

‘நீங்க வரலயே.’

‘வந்ததா வச்சுக்கோயேன்.’

‘வராத ஆள வந்ததா வச்சு நான் எதுக்கு மன்னிப்பு கேக்கணும்?’ என்றாள். அண்ணாச்சி எழுந்து போய்விட்டார்.

நேரில் பேசி அவள் மனதை மாற்றிவிடலாம் என்று ஒரு சாயங்காலம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நான் போனேன். காற்றில் வண்டி சாலையின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போயிற்று. அவள் வாசலுக்கு நேராக மிஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே சுவரோரம் உட்கார்ந்து, ‘அக்கா, ஒரு வரிதானக்கா’ என்று ஆரம்பித்தேன். அப்போது யாரோ குறுக்கே போன மாதிரி சுவரில் தெரிந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். ஆளைக் காணோம். பேச்சைத் தொடர்ந்தேன். மறுபடியும் யாரோ போனார்கள். மறுபடியும் திரும்பினேன்.

‘என்னட்டி, பேயக் கண்டவ மாதிரி திரும்பித் திரும்பிப் பாக்க?’

‘யாரோ போறாங்கக்கா.’

‘அட கோட்டிக்காரி, அது காத்தாடி நெழலுல்லா! சாயந்தரம் ஆனா அது பாட்டுக்கு வீட்டுக்குள்ள வந்துட்டுப் போகும்...’

சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். நான் அறிந்தவரையில் அவள் தானாகவே பேச்சைப் பாதியில் விட்டது அந்த ஒரு தடவைதான். மிஷின் நின்றது. இரண்டு பேரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஓர் இறக்கையின் நிழல் அவள் முகத்தின் மேல் ஏறி இறங்கிப் போயிற்று. அடுத்தது வந்தது. தினமும் பார்த்துப் பார்த்து அந்த வீட்டில் யாருக்கும் அது கண்ணிலேயே படாமல் போயிருந்தது.

அப்போதே வீடியோ எடுத்து, மேல்முறையீடு டைப் அடித்து அனுப்பினோம். தேர்வு நாளில் எடுக்கப்பட்ட காணொளி அல்ல, ஏற்க இயலாது என்று பதில் வந்தது. அப்படியானால் நேரலையில் பாருங்கள், எப்போது வேண்டுமானாலும் காட்டுகிறேன் என்று அவள் எழுதினாள். ஆவணியில் எழுதினாள், புரட்டாசியிலும் எழுதினாள். ஐப்பசியில் நாள் கொடுத்தார்கள். சாயங்காலம் நாலரை மணி. அன்றைக்கு நிரூபிக்காவிட்டால் ரத்து உறுதி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஐப்பசியில் எங்கள் பக்கம் காற்று ஏது? மழைக்காலம் வேறு, வெயில் அடித்தால்தானே நிழல். போதாததற்கு, சூரியன் தெற்கே சாய்ந்துவிட்டதால் நிழல் அவள் வீட்டைவிட்டு வடக்கே நகர்ந்து போயிருந்தது. அது இப்போது விழுகிற இடம் அவர்களுடைய புஞ்சை. உளுந்து விதைத்து இரண்டு இலை விட்டிருந்தது.

அன்று காலையில் மழை பெய்து விட்டிருந்தது. ஈரக் கரிசலில், அதுவும் விதைத்த புஞ்சையில், எங்கள் பக்கத்தில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். மிதித்த இடம் காய்ந்ததும் இறுகிவிடும், பிறகு அந்தத் தடத்தில் ஒன்றும் தேறாது. புஞ்சை ஓரத்தில் அக்கா ஒரு கையில் செல்போனோடும் மறுகையில் முக்காலியோடும் நின்றாள். அண்ணாச்சி பயிரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவர் முக்காலியை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் இறங்கினார்.

‘எந் தடத்துலயே மிதிச்சு வாங்க ரெண்டு பேரும். போனது போக மிச்சம் வெளஞ்சாப் போதும்.’

செருப்பை ஓரத்திலேயே விட்டுவிட்டு நானும் இறங்கினேன். ஒவ்வோர் அடிக்கும் மண் அப்பி அப்பிக் கால் கனத்தது. நிழல் விழ வேண்டிய இடம் அவளுக்குத் தெரிந்திருந்தது. முக்காலியைப் போட்டு மேற்கே பார்த்து உட்கார்ந்தாள். என்னுடைய செல்போனில் நான் காற்றாலையைக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. நிமிர்ந்து பார்த்தேன். அது அசையாமல் நின்றது. மேற்கே மேகம்.

திரையில் இரண்டு பேர் வந்தார்கள். விசாரணைக் குழுவின் தலைவர், நரைத்த தலை, களைத்த முகம். இன்னொருவர் அந்தத் தேர்வுப் பிரிவு அதிகாரி.

‘என்னம்மா, வெளியில உக்காந்திருக்கீங்க?’ என்றார் தலைவர்.

‘நெழலு இப்போ இங்கனதான் சார் விழும்.’

நான் காற்றாலையைக் காட்டினேன்.

‘அது ஓடவே இல்லையே’ என்றார் அதிகாரி.

‘காத்து இல்ல சார். வரும்.’

‘எப்ப வரும்?’

‘எங்கிட்டச் சொல்லிட்டா சார் வருது?’

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ‘அம்மா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். உங்க வயசுல இவ்வளவு தூரம் படிச்சதே பெரிய விஷயம். ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டு அடுத்த தடவை நிம்மதியா எழுதிடுங்க. எங்களுக்கும் வேற விசாரணைங்க இருக்கு.’

அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

‘சார், எங் கடைசிப் பதில் பாதியில நிக்கி. காத்து வாரதுக்குள்ள அத நான் சொல்லி முடிச்சிருதேன். நீங்க கேட்டுக்கிட்டு இருங்க.’

‘அதுக்கெல்லாம் விதிமுறையில...’ என்று ஆரம்பித்தார் அதிகாரி.

‘நான் பேசிக்கிடுதேன் சார். பொறவு நீங்க பேசுங்க.’

தலைவர் என்ன நினைத்தாரோ, கையைக் கொஞ்சம் உயர்த்தினார். அதிகாரியின் கட்டத்தில் மியூட் குறி விழுந்தது.

‘இயற்கை நீதிக் கோட்பாடு மூணு. மொதலாவது, தன்னோட வழக்குக்குத் தானே நீதிபதியா இருக்கப்படாது. என்னயப் புடிச்சதும் ஒங்க மிஷினு, பரீச்சைய நிப்பாட்டுனதும் ஒங்க மிஷினு. ரெண்டாவது, எதிர்த்தரப்பு சொல்லுதத முழுசாக் கேக்காம முடிவு எடுக்கப்படாது. நீங்க ஆடியில முடிவு எடுத்துட்டு ஐப்பசியில கேக்க வந்திருக்கீங்க. அதுவும் அவசரத்துல வந்திருக்கீங்க...’

அவள் பேசப் பேச மேகத்துக்குக் கீழே சூரியன் வெளியே வந்தது. எதிரே வெளிச்சம் கண்ணைக் கூச வைத்தது, அவள் கண்ணைச் சுருக்கக்கூட இல்லை. உளுந்து இலைகள் லேசாக ஆடின. அண்ணாச்சி என் கையைப் பிடித்து மேலே திருப்பிவிட்டார். ‘மேல காட்டும்மா, மேல காட்டு’ என்றார். காற்றாலை முனகியது. ஓர் இறக்கை மெல்ல இறங்கி வந்தது. தூரத்தில் புஞ்சையின் கோடியில் ஒரு நிழல் கிளம்பி, பயிரின் மேல் ஊர்ந்து வந்து, அண்ணாச்சியைத் தாண்டி, பேசிக்கொண்டிருந்த அவள் முகத்தில் ஏறி இறங்கிப் போயிற்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அப்புறம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. ஒரு ஆள் குறுக்கே நடக்கிற மாதிரியேதான் இருந்தது.

தலைவர் திரைக்கு அருகே குனிந்தார். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘சரிம்மா. பார்த்துட்டோம். போதும்.’

நான் சந்தோஷத்தில் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா காற்றாலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

‘இருங்க சார், இன்னும் முடிக்கல. மூணாவது இருக்கு.’

தலைவர் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

‘முடிவு சொல்லுதவிய, அந்த முடிவுக்குக் காரணமும் சொல்லணும். காரணம் சொல்லாம அனுப்புத முடிவு நியாயமான முடிவு ஆகாது. அம்புட்டுத்தான் சார், பதில் முடிஞ்சுட்டு. இனி நீங்க பேசலாம்.’

அவர்கள் பேசவில்லை. முடிவை மின்னஞ்சலில் தெரிவிப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அது வருவதற்குள் உளுந்து பூவெடுத்துவிட்டது. எங்கள் மூன்று பேர் தடமும் புஞ்சைக்கு நடுவே வகிடு எடுத்த மாதிரி வெறுமையாகக் கிடந்தது. அண்ணாச்சி அதைப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி, ‘எங்க வீட்டம்மா பரீச்சைக்குப் போன பாதை’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது கேலி மாதிரியும் இருக்கும், பெருமை மாதிரியும் இருக்கும்.

மின்னஞ்சல் வந்த அன்று நான் லேபில் இருந்தேன். அவளுக்கு வந்ததை எனக்கு அனுப்பியிருந்தாள். தேர்வை ரத்து செய்த உத்தரவு திரும்பப் பெறப்படுகிறது, விடைத்தாள் மதிப்பிடப்பட்டது, தேர்ச்சி. நான் போட்ட சத்தத்தில் ஓனர் உள்ளேயிருந்து ஓடி வந்துவிட்டார். உடனே அவளைக் கூப்பிட்டேன். மறுமுனையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

‘அக்கா! பாஸ் ஆயிட்டீங்கக்கா!’

‘பாத்தேன் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. நீ அத முழுசாப் படிச்சியாட்டி?’

‘படிச்சேன்க்கா. ரத்துன்னு சொன்னதத் திரும்ப எடுத்துட்டாங்களே.’

‘அதான் கேக்கேன். எதுக்குத் திரும்ப எடுத்தாவன்னு ஒரு வரி இருக்கா? முடிவு இருக்கு. காரணம் எங்க?’

‘அது கெடந்துட்டுப் போகுதுக்கா. அதான் பட்டம் வரப்போகுதுல்லா, இனி என்ன?’

மிஷின் நின்றது.

‘டைப் அடி’ என்றாள். ‘நான் சொல்லுதேன்.’